கொடுத்தவனும் கொண்டவனும்

கோபம் கெட்டது என்று சொல்லித்தான் உங்களையும் வளர்த்திருப்பார்கள், என் மக்காள். பெண்பிள்ளையின் கோபம் என்றால் இரண்டு மடங்கு கெட்டது. கோபம் வந்தால் நிற்கிறவர் உட்காரட்டும், உட்கார்ந்தவர் சாயட்டும் என்று ஓதிக்கொடுத்தார்கள். அது நல்ல சொல்தான். ஆனால் சாய்ந்தமருது அப்துல் ஸமட்டின் இளைய மகள் றிப்னாவுக்கு உட்கார நேரமில்லை, சாய இடமில்லை. ஆகவே கோபமும் அவளோடு கூடவே நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கொழும்பிலே சட்டக் கல்லூரிக்குள் போவதற்கான நுழைவுப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். இரண்டு தரம் எழுதினாள். முதல் தரம் பதினெட்டுப் புள்ளி குறைவு. இரண்டாம் தரம் ஒன்பது. பதினெட்டை ஒன்பதாக்க இரண்டு வருடம் போனது. அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு தரம் 'பெயில்' என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கணக்கு.

படிக்கிற இடத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும்தானே. மூத்த மகள் கலியாணம் முடித்தால் வீடு அவள் பெயருக்குப் போய்விடும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். பெற்றவர்கள் மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். அப்படித்தான் மூத்தவள் அஸ்பியாவுக்கு வீடு போனது. மாப்பிள்ளை முஹ்ஸின் வந்தான். வீடு மட்டும் போதவில்லை அவனுடைய ஆட்களுக்கு. வீட்டுக்கு மேலே மாப்பிள்ளையின் கையிலே கொடுக்கிற காசுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் கைக்கூலி. அதையும் கேட்டார்கள். அப்துல் ஸமட் தன் சொந்தக் கரைவலையையும் தோணியையும் விற்றுக் கொடுத்தார். வீட்டை உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், எழுதினார்கள். கைக்கூலியை எந்த உறுதியிலும் எழுதமாட்டார்கள். எழுதினால் வெட்கம். வாங்கினால் வெட்கமில்லை.

வலைக்கு உரியவராக இருந்த மனிதர் இப்போது மற்றவர்களுடைய வலையை இழுக்கிறார். அறுபத்துமூன்று வயதில் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம்.

றிப்னா பகலில் கல்முனையில் ஜவாத் என்கிற சட்டத்தரணியின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், உறுதி தட்டச்சு செய்தாள். கொழும்பில் இந்தப் பரீட்சைக்கு வகுப்புகள் இருக்கின்றன. அங்கே தங்கிப் படிக்க அவளுக்கு வழியில்லை. அவளாகவே ஒரு வழி செய்துகொண்டாள். மொழித் தாளில் ஒரு பந்தியை மூன்றிலொன்றாகச் சுருக்கச் சொல்வார்கள். அவள் தட்டச்சு செய்த ஒவ்வொரு உறுதியையும் பிழைபோன தாளின் பின்புறத்தில் மூன்றிலொன்றாகச் சுருக்கினாள். 'மேற்படி காணியும் அதிலடங்கிய வீடு, கிணறு, பயன்தரு மரங்களும்' என்று ஒன்றரைப் பக்கம் ஓடுகிற உறுதி, அவள் கையில் பதினைந்து வரியாகும். பொது அறிவைத் தன் குரலிலேயே போனில் பதிந்துவைத்து, மீன் செதில் தட்டும்போது கேட்டாள். நுண்ணறிவு வினாக்களின் எண்தொடர்களைத் தகரச் சுவரில் சோக்கட்டியால் எழுதினாள். தாய் சல்மா உம்மா அதை ஏதோ ஓதி எழுதிய மந்திரம், இஸ்மு என்று நினைத்து, துடைக்கப் பயந்து, அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூடச் சாய்த்து வைக்கமாட்டா.

முஹ்ஸின் மட்டும் ஒவ்வொரு நாளும் கிணற்றடிக்கு வரும்போது நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போவான்.

"என்னகா றிப்னா, கோட்டத் தாண்டாம கோட்டுக்குப் போக ஏலாதாமே?"

கோடு என்றது வெட்டுப்புள்ளியை, கோட்டு என்றது நீதிமன்றத்தை. தன் பகிடிக்குத் தானே சிரிப்பான். வீட்டுக்குள்ளிருந்து அஸ்பியா, "அவளப் படிக்க விடுங்களேன்" என்பாள். அந்த 'விடுங்களேன்' வாசலைத் தாண்டாது.

மூன்றாம் தரம் எழுதப் போனாள். முதல் தாள் நன்றாகப் போனது. இரண்டாவது மொழித் தாள். சுருக்கம் எழுதினாள், உறுதிகள் கைகொடுத்தன. கடைசியில் கட்டுரை. தலைப்பு இப்படி இருந்தது:

'கைக்கூலி கொடுத்தவனும் கொண்டவனும் ஒரே கூண்டில் நிற்கத்தக்கவர். ஆராய்க.'

அவளுக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. கொடுத்தவனுமா? கையில் கயிற்றுத் தடத்தோடு நிற்கிற என் வாப்பாவுமா? அவரையும் முஹ்ஸின் மச்சானையும் ஒரே கூண்டிலா? பேனையை எடுத்தாள். மூன்று பக்கம். கேட்கிறவன்தான் குற்றவாளி, கொடுக்கிறவன் மகளைப் பெற்றவன், அவன் கழுத்திலே கத்தி வைக்கப்பட்டிருக்கிறது, கத்தி வைக்கப்பட்டவனைக் கத்தி வைத்தவனோடு சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிற சட்டம் என்ன சட்டம் என்று எழுதினாள். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. மண்டபத்தை விட்டு வெளியே வந்தாள். இந்தத் தரம் சரி என்று நினைத்தாள்.

ஊருக்கு வந்து கந்தோருக்குப் போன முதல் நாள், ஜவாத் கேட்டார். முன்னால் வழக்குக் கொண்டுவந்த இரண்டு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன புள்ள, கட்டுரைக்கு என்ன வந்த?"

சொன்னாள். தான் எழுதியதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மறுபடியும் குரல் ஏறியது. ஜவாத் முதலில் தலையாட்டிக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார்.

"அடி புள்ள! அது மாப்பிள்ளைக்குக் குடுக்கிற காசில்லடி. இலஞ்சம்! கைக்கூலி எண்டா பழைய தமிழ்ல இலஞ்சம். நம்மட ஊருக்குள்ளதான் அது மாப்பிள்ளைக் காசு. அக்கரைப்பத்தத் தாண்டினா இலஞ்சம்!"

கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். ஒருவர், "இலஞ்சம் குடுத்தவன் பாவம், அவனுக்கும் மகள் இரிக்காள் எண்டு எழுதி வச்சிரிக்கா போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

றிப்னா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் அலமாரியில் கிடந்த தடித்த அகராதியைப் புரட்டினாள். இருந்தது. 'கைக்கூலி: இலஞ்சம்; அற்றைக் கூலி.' கீழே எங்கேயும் மாப்பிள்ளை இல்லை. தாள் எழுதியவரில் பிழையில்லை, அகராதியில் பிழையில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த ஒரு சொல், அதன் மற்ற முகத்தை ஒரு நாளும் அவளுக்குக் காட்டவில்லை. அதுதான் அவளை எரித்தது. ஊரிலே ஒரு அநியாயத்துக்கு அநியாயத்தின் பெயரையே வைத்துவிட்டு, அதைச் சோறு தண்ணி மாதிரிச் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளுக்கு அதன் அர்த்தமே தெரியாமல் ஆக்கிவிட்டார்களே.

முடிவு வந்தது. ஐந்து புள்ளி குறைவு.

அன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து முஹ்ஸின் பின்வளவுக்கு வந்தான். வழமையான பகிடியைச் சொல்லவில்லை. நல்ல சட்டை உடுத்திருந்தான். அப்துல் ஸமட் கடலிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, இவட படிப்பு முடிஞ்சிதானே. பொத்துவில்ல ஒரு இடம் வந்திரிக்கி. பொடியன் நல்ல பொடியன், கட்டாரில இருந்து வந்தவன். வட்டையில கிடக்கிற அந்தத் துண்டு வயல வித்தீங்கெண்டா கைக்கூலிக்குச் சரி. கலியாணப் புறோக்கருக்கு நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."

றிப்னா கொட்டிலுக்குள்ளிருந்து வந்தாள். கையில் சோக்கட்டி இருந்தது.

"ஆரக் கேட்டு ஓம் எண்ட?"

"பாரு, பெரியாக்கள் கதைக்கிற நேரம்..."

"என்னப் பத்திக் கதைக்கிற நேரம் நான் ஆரு? மாடா? வலையை வித்துத் தின்டீங்க, தோணிய வித்துத் தின்டீங்க, இனி வயலையும் விக்கவா? உங்களுக்கு ஒரு தரம் குடுத்தது காணாதா?"

"நான் ஆருட கழுத்தயும் புடிச்சி வாங்கினனா எண்டு உன்ட வாப்பாட்டக் கேளு. சந்தோசமாத்தான் தந்தாரு."

"சந்தோசமாவா?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "தெரியுமா மச்சான், அந்தக் கைக்கூலியாலதான் எனக்கு அஞ்சு புள்ளி போச்சு! குடுத்தவனும் கொண்டவனும் ஒரே கூண்டில எண்டு கேட்டிருந்தாங்க. என்ட வாப்பா குற்றவாளி இல்ல எண்டு மூணு பக்கம் எழுதினன். அர்த்தம் வேறயாம். ஊரெல்லாம் சிரிக்கி. உங்களாலதான்!"

முஹ்ஸின் வாயைத் திறந்தான். அதற்கு முன் அப்துல் ஸமட் கதைத்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத்தான் கதைத்தார்.

"என்ன கேள்வி வந்த, மகள்? திருப்பிச் சொல்லு."

சொன்னாள்.

"அந்த அர்த்தம் என்ன?"

"இலஞ்சம். இலஞ்சம் குடுத்தவனும் வாங்கினவனும்."

அவர் வாளியை எடுத்து மற்றக் காலையும் கழுவினார்.

"அப்ப கேள்வி ரெண்டு அர்த்தத்திலயும் சரிதான். உன்ட மறுமொழிதான் ரெண்டு அர்த்தத்திலயும் பிழை."

"வாப்பா!"

"இரு. இவரு கேட்டாரு. நான் இல்ல எண்டு சொல்லல்ல. சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? கலியாணம் நிண்டிருக்கும். ஊரு ரெண்டு மாசம் கதைச்சிருக்கும். அந்தக் கதைக்குப் பயந்து குடுத்தன். நான் குடுத்தத்தப் பாத்து அடுத்த வளவு சாலிஹிட்டயும் கேட்டாங்க. ஸமட்டே குடுத்தாரு, உனக்கென்ன எண்டு கேட்டாங்க. அவனும் தோணிய வித்தான். அவன்ட தோணிக்கு ஆரு பொறுப்பு? இவரா? நான்தான். கூண்டுல நிக்கத்தான் வேணும்."

மக்காள், அந்த நேரத்தில் றிப்னா அழுதிருப்பாள், போய் வாப்பாவின் கையைப் பிடித்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. முஹ்ஸின் மேல் அவளுக்கு இருந்த கோபம் முழுவதும் அப்படியே திரும்பி வாப்பாவில் விழுந்தது.

"அப்ப இத்தின வருசமா ஏன் சொல்லல்ல? உங்கட பயத்துக்கு நான் மூணு பக்கம் வக்காலத்து எழுதிட்டு வந்திரிக்கன்! என்ட அஞ்சு புள்ளிய ஆரு தருவா?"

சோக்கட்டியைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்பது நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை.

அந்த ஒன்பது நாளுக்குள் அப்துல் ஸமட் மூன்று காரியம் செய்தார். புறோக்கரின் வீட்டுக்குப் போய், வயல் விற்கிற யோசனை இல்லை, என் மகளுக்குக் கைக்கூலி இல்லை, கேட்கிறவன் வரத் தேவையில்லை என்றார். பள்ளிவாசல் முன்னால் நின்ற நாலு பேரிடம் அதையே சொன்னார், அவர்கள் கேட்காமலே சொன்னார். மூன்றாவதாகச் சாலிஹின் வளவுக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று தெரியாது. சாலிஹ் அவரை உட்காரச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

முஹ்ஸினுக்குப் புறோக்கரிடம் முகம் போய்விட்டது. அவன் செய்த வேலையைக் கேளுங்கள். வீட்டிலிருந்து கொட்டிலுக்கு இழுத்திருந்த கரண்ட் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டான். "பில் கூடிப்போச்சு" என்றான். ஒரு மின்குமிழும் ஒரு காற்றாடியும் தின்கிற பில்!

பத்தாம் நாள் றிப்னா வாப்பாவிடம் போய், "அடுத்த தரத்துக்கு விண்ணப்பம் போடப் போறன்" என்றாள்.

"போடு" என்றார் அவர். இரண்டு பேருக்கும் இடையில் மறுபடியும் கதை தொடங்கிவிட்டது.

கொட்டிலில் வெளிச்சம் இல்லை. அவள் ஜவாத்திடம் போய்க் கேட்டாள். "சேர், கந்தோர்த் திறப்ப எனக்குத் தாங்க. நான் காலம ஏழு மணிக்கே வாறன்."

"என்னத்துக்கு?"

"நீங்க சிரிச்சீங்களே, அதுக்கு."

ஜவாத் சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஒரு வருடம். ஒவ்வொரு நாளும் ஏழிலிருந்து ஒன்பது வரை, கட்சிக்காரர்கள் வருகிற வரைக்கும். ஒரு கொப்பியை நடுவிலே கோடு போட்டுப் பிரித்தாள். ஒரு பக்கம் 'ஊருக்குள்ளே', மறுபக்கம் 'ஊருக்கு வெளியே'. பள்ளி: ஊருக்குள்ளே தொழுகிற இடம், வெளியே படிக்கிற இடம். குடி: ஊருக்குள்ளே தாய்வழி வம்சம், வெளியே கள்ளுச் சாராயம். அப்பா: உள்ளே சில வீடுகளில் வாப்பாவின் வாப்பா, வெளியே வாப்பா. முதல் வரியில் எந்தச் சொல் இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொப்பி நிறைய நிறைய அவளுக்கு ஒன்று விளங்கியது. தான் பிழைவிட்டது தமிழ் தெரியாததால் அல்ல. தனக்குத் தெரிந்த அர்த்தம் முந்திக்கொண்டதால். கோபம் வருகிறபோது தெரிந்த அர்த்தம்தான் முந்தி ஓடிவரும்.

அதற்கும் ஒரு பயிற்சி வைத்தாள். எந்தத் தலைப்பு இரத்தத்தைக் கொதிக்க வைக்கிறதோ, அதற்கு முதலில் எதிர்ப்பக்கம் நின்று ஒரு பக்கம் எழுதுவது. பிறகுதான் தன் பக்கம். அப்படி ஒரு நாள் முஹ்ஸினுக்காக எழுதினாள். ஓம், முஹ்ஸினுக்காக! பென்சில் இரண்டு தரம் முறிந்தது. எழுதிக்கொண்டு போகும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. முஹ்ஸினுக்கு இரண்டு தங்கச்சிமார். அவன் வாங்கிய காசு அவன் கையில் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இரண்டு மாப்பிள்ளைமாரின் கைக்குப் போனது. அதையும் நேர்மையாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இது விளக்கம். விடுதலை அல்ல.'

அந்த வரியைப் பார்த்துவிட்டு ஜவாத், "இது நல்லாரிக்கி புள்ள. நான் ஒரு வழக்கில சொல்லட்டா?" என்றார்.

"சொல்லுங்க. சொல்லிட்டுச் சிரிக்காதீங்க."

சில நாள் ஒன்றுமே ஏறாது. எண்தொடர் பார்த்தால் எறும்பு ஊர்வது போலிருக்கும். முப்பது வயதாகிறது, கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன, நான் இன்னும் 'அடுத்து வரும் எண் எது' என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். சல்மா உம்மா ஒரு நாள் மெதுவாகக் கேட்டா, "போதும் எண்டு நினைச்சா விட்டுரு மகள். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

"சொல்லமாட்டாங்க எண்டதுதான் உம்மா எனக்குக் கோவம்" என்றாள் றிப்னா. "விட்டா எல்லாருக்கும் சந்தோசம். அவங்களச் சந்தோசப்படுத்தவா நான் பிறந்த?"

உம்மாவுக்கு அது முழுவதும் விளங்கியிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித் தயாராக இருந்தது.

நான்காம் தரம். கட்டுரைத் தலைப்பு வழமை பற்றியது. 'நெடுங்காலம் நிலைத்த வழமை தன் நீட்சியாலேயே நியாயமாகிறது. ஆராய்க.' வாசித்தவுடன் கன்னம் சுட்டது. வீடு, வலை, தோணி, வயர், எல்லாம் கண்ணுக்குள் வந்தன. பேனையைக் கீழே வைத்தாள். வழமை என்ற சொல்லின் கீழே கோடு போட்டாள். நியாயத்தின் கீழே கோடு போட்டாள். நீட்சி என்றால் என்ன, ஊருக்குள்ளே என்ன, வெளியே என்ன என்று தனக்குள் கேட்டாள். மூன்று தரம் வாசித்தாள். முதல் இரண்டு பந்தியும் தலைப்பின் பக்கம் நின்று எழுதினாள். வழமை இல்லாவிட்டால் அஸ்பியாவுக்குத் தன் பெயரில் ஒரு வீடு இருந்திருக்காது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனாலும் அவள் தெருவுக்கு வரமாட்டாள் என்பதை எழுதினாள். அது உண்மை. அதை எழுதக் கஷ்டமாகத்தான் இருந்தது. கோபத்தை அவள் விரட்டவில்லை, மக்காள். மூன்றாம் பந்திக்கு வரச்சொல்லி வாசலில் நிறுத்தி வைத்தாள். மூன்றாம் பந்தி வந்ததும் உள்ளே விட்டாள்.

முடிவு வந்த அன்று அவள் கந்தோரில் ஒரு சீதன உறுதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஜவாத்தான் போனில் பார்த்துவிட்டு, "உன்ட சுட்டிலக்கம் என்ன புள்ள?" என்று கூப்பிட்டார். அவளே வந்து பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். பிறகு வெளியே, நீதிமன்ற வளவின் வாகை மரத்தடிக்கு வந்து வாப்பாவுக்கு எடுத்தாள். அவர் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். காற்றும் ஆட்களின் சத்தமும் கேட்டன.

"வாப்பா! எடுபட்டுட்டன்!"

"ஆரு? என்ன பட்ட? இஞ்ச வலையில ஒண்டும் படல்ல!"

"நான் றிப்னா! சட்டக் கல்லூரிக்கு எடுபட்டுட்டன்!"

மரத்தடியில் நின்ற பொலிஸ்காரர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். உள்ளே வழக்கு நடக்கிறது என்று கையைக் காட்டினார். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

"எத்தின புள்ளியால?" என்றார் வாப்பா.

"நாலு."

"மேலயா, கீழயா?"

"மேல வாப்பா! மேல!"

அந்தப் பக்கம் கடல் இரைந்தது. யாரோ அவரை, "ஸமட் காக்கா, கயிற விட்டுட்டீங்க" என்று ஏசுவது கேட்டது. அவர் கயிற்றைப் பிடித்த மாதிரித் தெரியவில்லை.

"முஹ்ஸினுக்கு நான் சொல்லட்டா?" என்றார் கடைசியில்.

"வேணாம். நான் சொல்லுறன்."

"கோவமாச் சொல்லாத மகள்."

"கோவமாத்தான் சொல்லுவன் வாப்பா. ஆனா பிழையில்லாமச் சொல்லுவன்."

"அப்ப நான் கரையால வந்த பொறகு சொல்லு" என்றார் அப்துல் ஸமட். "எனக்கும் கேக்கணும்."